திங்கட்கிழமை கேக்

வெர்னெட்டா ப்ரூயிட்டின் நாள் காலை நாலேகாலுக்குத் தொடங்கும். தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை எடுக்க ஐந்தே முக்காலுக்குப் போனால் போதும். இடையில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் குளிக்க, உடுக்க, காபி குடிக்க அரை மணி. மீதி ஒரு மணி நேரம் மோவாய்க்கு.

குளியலறைக் கதவைத் தாழிடுவாள். முகத்தைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடியைக் குழாயின்மேல் சாய்த்து வைப்பாள். சாமணத்தை எடுப்பாள். பத்தொன்பது வயதில் ஒற்றை முடியாக முளைத்தது, நாற்பத்தாறு வயதில் ஒரு காதிலிருந்து மறு காது வரை வந்து நின்றது. தலையில் இருக்கிற அதே சுருள்தான் மோவாயிலும். பிடுங்கினால் நாலாம் நாள் வெளியே வரப் பார்க்கும். வழி தெரியாமல் வளைந்து மறுபடியும் தோலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். புகுந்த இடம் முதலில் கடுகு, பிறகு பட்டாணி, பழுத்து உடைந்தபின் ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிகள் போவதே இல்லை.

பதினோரு வருஷம் அவளோடு வாழ்ந்த ஹோரஸுக்கு, மனைவி ஒரு நாளும் தனக்குப் பிறகு எழுந்ததில்லை என்பது மட்டும் தெரியும். சபையில் நாலு பேரிடம் அதைப் பெருமையாகச் சொல்லுவான். விவாகரத்துத் தாள் கைக்கு வந்த அன்று அவள் அழவில்லை. மறுநாள் ஞாயிறு. ஏழு மணி வரை தூங்கினாள். அதற்கு அடுத்த நாள் மறுபடி நாலேகால்.

அவள் மோவாயைப் பற்றி இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் லவோனியா.

மெம்ஃபிஸ் நகரில், கறுப்பின மக்கள் வாழும் ஆரஞ்ச் மவுண்டில், லவோனியாவின் பார்லரைத் தெரியாத பெண் இல்லை. முன்னால் நாலு நாற்காலி, தலைமேல் கவிழ்த்து முடி உலர்த்தும் ட்ரையர் மூன்று. பின்னால் திரை போட்ட சின்ன அறை. இருபது வருஷமாக, ஒன்று விட்டு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு, கடைசி வாடிக்கையாளர் போனபின், வாசல் திரையை இறக்கிவிட்டு லவோனியா மெழுகு காய்ச்சுவாள். வெர்னெட்டா அந்தக் குறுகிய கட்டிலில் படுத்து முகத்தைக் கொடுப்பாள். நடுநடுவே வரும் நாள்களுக்குத்தான் சாமணம். சிரித்துக்கொண்டே இருப்பார்கள். மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வெர்னெட்டாவின் ஒரே மகள் ஜலீசாவுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவளும் லவோனியாதான்.

"உனக்கு மட்டும் எப்படிடி முட்டை மாதிரி இருக்கு?" என்று வெர்னெட்டா ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"எங்கப்பா வம்சம்டி. எங்களுக்குப் புருவமே பாதிதான் வரும். வாயை மூடு, மெழுகு உள்ள போயிடும்."

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை வெர்னெட்டா லவோனியாவை விட்டு வேறு வழி தேடிப் போனாள். நகரத்தின் கிழக்குக் கோடியில் ஒரு பெரிய கடைவளாகத்தில், வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் லேசர் அடித்தாள். எந்தத் தோலுக்கு எந்த இயந்திரம் என்று அவளும் சொல்லவில்லை, இவளுக்கும் கேட்கத் தெரியவில்லை. இரண்டு கன்னத்திலும் காசு அளவுக்குத் தோல் வெந்துவிட்டது. அன்று முதல் இருபது நாள், காலையும் மாலையும் வந்து கற்றாழை தடவியவள் லவோனியா. "இதெல்லாம் அவங்க தோலுக்குச் செஞ்சது, கண்ணு. நம்மளை நாமதான் பார்த்துக்கணும்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை வெர்னெட்டா வேதவாக்கியம் மாதிரி வைத்திருந்தாள்.

அதனால்தான், மகளுக்குப் பதினாறு வயதில் மோவாயின் கீழ் மூன்று முடி முளைத்தபோது, அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. கையைப் பிடித்து வியாழக்கிழமை பின்னறைக்குக் கூட்டிப் போனாள்.

லவோனியா பெண்ணின் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வெர்னெட்டாவுக்கு அந்த மௌனம் அப்போது பாசமாகத்தான் பட்டது.

"மூணே முடிதானே" என்றாள் லவோனியா கடைசியில். "படு, பாப்பா."

மூன்று முடி ஆறு மாதத்தில் முப்பதாயிற்று. வசந்தத்தில் பள்ளிப் புகைப்படத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒன்று உள்ளே சுருண்டு, வீங்கி, பழுத்தது. ஜலீசா படம் எடுக்கிற அன்று பள்ளிக்கே போகவில்லை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே நின்ற வெர்னெட்டாவுக்கு, கதவுக்குப் பின்னால் சாமணம் கழுவுதொட்டியில் வைக்கப்படும் சின்னச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை வெளியில் நின்று கேட்பது அதுதான் முதல் தடவை.

ஜூன் மாதம் ஜலீசா ஒரு செய்தியோடு வந்தாள். மாநில எல்லை தாண்டினால் மிசிசிப்பிப் பக்கம், சவுத்ஹேவனில் ஒரு பெண் இருக்கிறாளாம். நம் நிறத்துக்காரி. மெல்லிய ஊசியை முடி முளைக்கிற குழிக்குள் விட்டு, மின்சாரத்தைச் சொடுக்கி, ஒவ்வொரு வேராகக் கொல்லுகிறாளாம். செத்த வேர் திரும்ப முளைக்காதாம். எந்த நிறத் தோலுக்கும் ஆகுமாம்.

வெர்னெட்டா அடுத்த வியாழன் லவோனியாவைக் கேட்டாள்.

மெழுகுக் கிண்ணத்தில் ஓடிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "ஊசியா? நம்ம முடிக்கா? லிட்டில் ராக்ல எங்க அத்தை பொண்ணு ஒருத்தி போட்டுக்கிட்டா. தட்டப்பயறு தட்டப்பயறா மோவாய் முழுக்கத் தழும்பு. இன்னிக்கும் கல்யாணம் காட்சின்னா வர்றதில்ல. லேசர்ல வெந்ததை மறந்துட்டியா நீ?"

மறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் வேண்டாம் என்றாள். ஜலீசா ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "சும்மா கேட்டுட்டு வரலாம்மா. கேட்டா தழும்பு வராதில்ல?" என்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை இருவரும் காரில் கிளம்பினார்கள். லவோனியாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் போகிறோமே என்று வழியெல்லாம் வெர்னெட்டாவுக்கு உறுத்தியது.

ஊசிக்காரியின் பெயர் ரெனாட்டா. முன்னே நர்ஸாக இருந்தவள். வீட்டின் முன்னறையையே மாற்றி வைத்திருந்தாள். அதிகம் பேசுகிறவளில்லை. முதலில் பெண்ணின் மோவாயையும், பிறகு கேட்காமலேயே தாயின் மோவாயையும் விளக்கில் பார்த்தாள்.

"நம்ம முடிக்கு வேர் நேரா இருக்காது. தோலுக்குள்ளயே கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். அந்த வளைவு தெரிஞ்சுதான் ஊசியைச் சாய்ச்சு விடணும். பிடுங்கப் பிடுங்க அது இன்னும் கோணலாகும். உங்களுக்கு எவ்வளவு நாளா மெழுகு?"

"இருபது வருஷம். அதுக்கு முன்னால சாமணம்."

"அப்ப உங்களுக்கு மூணு வருஷம்கூட ஆகலாம். பாப்பாவுக்கு ஒண்ணு, ஒண்ணரை. ஆறு மாசம் முன்னாலயே வந்திருந்தா இன்னும் சுளுவா முடிஞ்சிருக்கும்." ரெனாட்டா கையுறையை மாட்டினாள். "முதல்ல டாக்டர்கிட்ட ரத்தம் பார்த்துடுங்க. சின்ன வயசுல இப்படி முளைச்சா உள்ள ஏதாவது காரணம் இருக்கலாம். இன்னிக்கு காதுக்குக் கீழ நாலே முடி எடுக்கறேன். ரெண்டு வாரம் எப்படி ஆறுதுன்னு பார்ப்போம்."

"தழும்பு வராதா?"

"தழும்பு ஏறுற உடம்பு சிலருக்கு உண்டு. அதுக்குத்தான் நாலே முடி. இன்னொண்ணு, இனிமே பிடுங்கக் கூடாது, மெழுகு கூடாது. கத்தரியால நறுக்கிக்கலாம். ஊசிக்கு வர்றதுக்கு முன்னால நாலு நாள் அதையும் செய்யாதீங்க. முடி உள்ள இருந்தாத்தான் ஊசிக்கு வழி தெரியும்."

ஜலீசா கட்டிலில் படுத்தாள். வெர்னெட்டா பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தாள். ரெனாட்டா, "அந்தப் பஞ்சு கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?" என்றாள்.

பஞ்சு ஒரு வட்டத் தகர டப்பாவில் இருந்தது. மூடியில் நீலப் பூக்கள், ஒரு பூவின் மேல் நசுங்கல். அந்த நசுங்கலை வெர்னெட்டாவின் விரல் கண்ணுக்கு முன்பே அடையாளம் கண்டது. டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் வெள்ளை டேப்பு. டேப்பில் கறுப்பு மையில் அவள் கையெழுத்து: ப்ரூயிட்.

சபையில் பத்துப் பெண்கள் சமைத்துக் கொண்டுவந்தால் பத்துப் பாத்திரத்தின் அடியிலும் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் பாத்திரம் திரும்பாது.

"இந்த டப்பா எங்க வாங்கினீங்க?" குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"வாங்கல. அஞ்சு வருஷமா திங்கட்கிழமை வர்ற ஒருத்தங்க கேக் கொண்டுவருவாங்க. எலுமிச்சைத் தோல் போட்டு, நல்ல கேக். டப்பாவைத் திருப்பித் தரணும்னு நினைக்கறேன், மாசக்கணக்கா மறந்துட்டே இருக்கேன்." ரெனாட்டா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கூசும் பாப்பா, ஆடாத."

பார்லருக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கட்கிழமைகளில் லவோனியா மிசிசிப்பியில் முதியோர் இல்லத்திலிருக்கும் டெலா பெரியம்மாவைப் பார்க்கப் போவாள். பல் போன பெரியம்மாவுக்கு வெண்ணெய் கேக் என்றால் உயிர். அதற்காக ஐந்து வருஷமாக, மாதம் தவறாமல், வெர்னெட்டா ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். எலுமிச்சைத் தோலைத் துருவிப் போட்டிருக்கிறாள்.

"அம்மா, வலிக்கவே இல்ல. சுருக்குங்குது, அவ்வளவுதான்" என்றாள் ஜலீசா கட்டிலிலிருந்து.

"நல்லது, கண்ணு" என்றாள் வெர்னெட்டா. பஞ்சை ஒரு கிண்ணத்தில் மாற்றிவிட்டு, "இது என் டப்பா. எடுத்துக்கறேன்" என்று ரெனாட்டாவிடம் மெல்லச் சொன்னாள். ரெனாட்டா அவள் முகத்தைப் பார்த்தாள். ஏதோ புரிந்தது போலத் தலையை ஆட்டினாள். பெயர் எதையும் சொல்லவில்லை.

மகளிடம் வெர்னெட்டா எதையும் சொல்லவில்லை. தனக்குப் போனது போகட்டும், பெண்ணுக்காவது ஞானத்தாய் மிஞ்சட்டும் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை ஆறு மணிக்கு வழக்கம்போலப் பின்னறைக்குப் போனாள். ஜூலை வெயிலில் கழுத்தைச் சுற்றி மோவாய் வரை ஸ்கார்ஃப். கட்டிலில் படுக்கவில்லை. டப்பாவை மெழுகுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

லவோனியா டப்பாவைப் பார்த்தாள். அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தேவைப்படவில்லை.

"டெலா பெரியம்மா எப்படி இருக்காங்க?" என்றாள் வெர்னெட்டா.

லவோனியா மெழுகுச் சட்டியின் சுவிட்சை அணைத்தாள். "செத்துப்போயிட்டா. நாலு வருஷமாச்சு."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா கேக்கை நிறுத்திடுவியே" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அப்பா வம்சம்னு சொன்னியே."

"எனக்கும் இருபத்திரண்டு வயசுலேர்ந்து இருக்குடி. உன்னைவிட அதிகம். தினமும் பிடுங்குவேன், மேல பவுடர் போடுவேன். நான் பார்லர்க்காரி. தாடி இருக்கறவ கையில யாருடி முகத்தைக் கொடுப்பா?"

"நான் கொடுத்திருப்பேன்."

லவோனியா மெழுகுச் சட்டியை ஓரமாக நகர்த்தினாள்.

"நான் இந்தக் கட்டில்ல படுத்து அழுதிருக்கேன் லோனி. உன் முகத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுக்காகச் சபையில முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கேன். நீ அந்த மாசமெல்லாம் திங்கட்கிழமை அங்க படுத்திருந்திருக்க. என் கேக்கோட."

"சொல்லணும்னு நினைச்சேன். முதல் வருஷம் எனக்கு ஆகுதான்னு பார்க்கலாம்னு இருந்தேன். ஆனப்புறம், ஏன் முன்னாலயே சொல்லலைன்னு கேட்பியேன்னு பயம். அப்படியே நாள் போயிடுச்சு. நீ போய்ச் சரி பண்ணிக்கிட்டா வியாழக்கிழமை வரமாட்டியேன்னும் இருந்துச்சு. எனக்கு வேற யாருடி இருக்கா?"

வெர்னெட்டா அதையும் கேட்டுக்கொண்டாள். இதையெல்லாம் மன்னித்துவிடக்கூட முடியும் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தில்தான் குளியலறைக் கதவுக்குப் பின்னால் கேட்ட சாமணத்தின் சத்தம் ஞாபகம் வந்தது.

"என்னை விடு. அந்தப் பிள்ளைக்கு ஏன் மெழுகு போட்ட?"

லவோனியா துண்டை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "போடலைன்னா ஏன்னு கேட்டிருப்ப" என்றாள்.

வெர்னெட்டா ஸ்கார்ஃபை இழுத்து விட்டுக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத, வெர்னி. கும்பிட்டுக் கேக்கறேன்."

"சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு செய். இனிமே யாராவது உன் நாற்காலியில உட்கார்ந்து ஊசியைப் பத்திக் கேட்டா, அந்த லிட்டில் ராக் கதையைச் சொல்லாத. உன்னைப் பத்திச் சொல்ல வேண்டாம். பொய் சொல்லாம இருந்தாப் போதும்."

"சத்தியமா. ஜலீசா மேல சத்தியமா."

சனிக்கிழமை ஜலீசாவுக்குப் பின்னல் போட முன்பே நேரம் குறித்திருந்தது. மறுவாரம் ப்ரூயிட் குடும்பம் மொத்தமும் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு கூடும் நாள். தலையில் பின்னல் இல்லாமல் போக முடியாது. லவோனியா வாக்குக் கொடுத்திருக்கிறாளே என்று வெர்னெட்டா மகளைக் கூட்டிப் போனாள். டப்பாவை வியாழனன்று அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். இப்போது அலமாரியில் அதில் முடி சுருட்டும் இளஞ்சிவப்பு ரோலர்கள் கிடந்தன.

பார்லர் நிறைந்திருந்தது. லவோனியா ஜலீசாவின் தலையை வகிடெடுத்து வலப்பக்கத்திலிருந்து பின்னிக்கொண்டு வந்தாள். வாய் ஓயாத மிஸ் யூலா ட்ரையருக்கு அடியில் இருந்தாள். எழுபது வயது, ஒன்றுக்கும் கூச்சமில்லை.

பக்கத்தில் ரோலர் சுற்றிய தலையோடு கோரின் என்ற இளம்பெண். மருத்துவமனையில் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் முகக்கவசத்தோடேயே திரிகிறாள் என்று மிஸ் யூலா கேலி செய்துகொண்டிருந்தாள்.

"கவசம் எனக்கு வசதிதான், மிஸ் யூலா" என்றாள் கோரின். குரல் இறங்கியது. "மோவாய்ல முடி."

"இதுக்கா மூஞ்சியை மூடற? எனக்கு நாலு இருக்கு. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். யோவான்தான் நீளம்."

கடையே சிரித்தது. கோரினும் சிரித்தாள். சிரித்து முடித்தபின், "யாரோ ஊசி போட்டு எடுக்கறாங்களாமே. நம்ம முடிக்கு அது ஆகுமா, மிஸ் லவோனியா? உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

லவோனியாவின் விரல்கள் நிற்கவில்லை. எதிரே கண்ணாடியில் அவள் கண்கள் வெர்னெட்டாவின் கண்களைத் தேடி வந்தன. வெர்னெட்டா அசையாமல் இருந்தாள். அந்தக் கண்களில் பயத்தைத்தான் பார்த்தாள். வெட்கத்தைத் தேடினாள், இல்லை.

"ஊசியா?" என்றாள் லவோனியா. "எனக்கென்னமோ பயமா இருக்கும்மா. லிட்டில் ராக்ல எங்க அத்தை பொண்ணு ஒருத்தி..."

தட்டப்பயறு வரைக்கும் சொன்னாள். ஒரு வார்த்தை குறையவில்லை.

ஜலீசா கண்ணாடியில் தாயைப் பார்த்தாள். வெர்னெட்டா எழுந்தாள். கழுத்திலிருந்து ஸ்கார்ஃபை ஒரு சுற்று அவிழ்த்தாள். இன்னொரு சுற்று. நாலு நாள் முடி. கறுப்பும் நடுநடுவே வெள்ளையுமாகக் காதிலிருந்து காது வரை. இருபத்தேழு வருஷமாக ஊரார் கண்ணில் படாதது, சனிக்கிழமை பதினொரு மணி வெளிச்சத்தில் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மிஸ் யூலா ட்ரையரைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு முன்னால் குனிந்தாள்.

வெர்னெட்டா அலமாரிக்குப் போனாள். டப்பாவிலிருந்த ரோலர்களை மேசையில் கொட்டினாள். ஒன்று உருண்டு லவோனியாவின் காலடியில் நின்றது. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு லவோனியாவைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். லவோனியாவின் கை தானாகத் தன் மோவாய்க்குப் போயிற்று. அந்தக் கையைப் பார்த்ததும் வெர்னெட்டாவுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"வா, ஜலீசா."

"அம்மா, பாதிதான் ஆகியிருக்கு."

"தெரியுது. எழுந்திரு."

"வெர்னி" என்றாள் லவோனியா.

வெளியே காரின் இருக்கை நெருப்பாகச் சுட்டது. ஜலீசா ஒரு பக்கம் பின்னலும் ஒரு பக்கம் பறக்கும் சுருளுமாக உட்கார்ந்தாள். மடியில் டப்பா. அடியைத் திருப்பிப் பார்த்தாள், மூடியின் நசுங்கலைத் தடவினாள். "இதுலதான் அந்த ஊசிக்காரங்க பஞ்சு வெச்சிருந்தாங்க" என்றாள் மெல்ல. பிறகு, "டெலா பெரியம்மாவுக்குத்தானே இதுல கேக் போகும்?"

வெர்னெட்டா சாவியைத் திருப்பவில்லை. மகளின் விரல் டேப்பின் மேல் நின்றது.

"லோனி ஆன்ட்டிக்குத் தெரிஞ்சிருந்துச்சா? எனக்கு மெழுகு போடும்போதே?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. அந்த வழியில்தான் லவோனியா ஐந்து வருஷம் போயிருந்தாள்.

"தெரிஞ்சிருந்துச்சு" என்றாள் வெர்னெட்டா.

ஜலீசா முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தச் சன்னல் கண்ணாடியை அப்போது யாரோ தட்டினார்கள். கோரின். ரோலர் சுற்றிய தலை, தோளில் பார்லர் துணி, காலில் கடைச் செருப்பு. பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜலீசா கண்ணாடியை இறக்கினாள்.

"அக்கா, அந்தக் கதை கேட்டதும் நீங்க எழுந்தீங்களே. ஊசி போடறவங்க எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

வெர்னெட்டா முகவரியைச் சொன்னாள். கோரின் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

"போறதுக்கு முன்னால பிடுங்காத. நாலு நாள் அப்படியே விடணும்."

"நாலு நாளா?" கோரினின் எழுதின கை மோவாயை மூடிக்கொண்டது. "வெளியில எப்படிக்கா போறது?"

வெர்னெட்டா அவள் பக்கம் முழு முகத்தையும் திருப்பினாள்.

"இப்படித்தான்" என்றாள்.